ஒருவர் உள்ளார்

மணமாகிப் பதினான்கு ஆண்டுகளில் மூன்று ஆய்வகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ‘இல்லை’ என்று எழுதிக்கொடுத்து அனுப்பிய லாரி ஓட்டுநர் அர்த்தநாரிக்கு, ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், புறவழிச்சாலைக் கருத்தரிப்பு மருத்துவமனைக்குப் புதிதாக வந்திறங்கியிருந்த கருவி, இரண்டு மணி நேரம் தேடி, இருபத்தைந்து இலட்சம் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, முடிவில் ‘ஒருவர் உள்ளார்’ என்று அச்சிட்டுக் கொடுத்தது.

மனிதக் கண் சலித்துப்போய் விட்டுவிடுவதைச் சலிக்காமல் தேடுவதற்கென்றே பழக்கப்பட்ட கருவி அது. ஒரு லோடு மணலில் ஒரு கடுகைக் கண்டெடுப்பது போன்ற வேலை என்று மருத்துவர் அம்மாள் விளக்கினார். பதினெட்டு ஆண்டுகள் எஞ்சினுக்கு மேலேயே அமர்ந்து, அதன் கொதிப்பைத் தொடையில் வாங்கிக்கொண்டு, இலக்னோவுக்கும் இந்தூருக்கும் போய்வந்த ஆண்மகனின் விந்தில் அணுக்கள் அற்றுப்போவது அந்த வட்டாரத்தில் புதிதன்று என்றும், கண்ணுக்குத் தெரியாததை இல்லை என்று முன்பு பார்த்தவர்கள் எழுதிவிட்டார்கள் என்றும் அவர் சொன்னார். அர்த்தநாரி அதில் பாதியைத்தான் கேட்டான். அவன் கண் தாளிலேயே இருந்தது.

“யாருங்க அது?” என்று கேட்டான்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் எல்லாம் தொடங்கிற்று என்று பின்னாளில் ஊர் பேசிக்கொண்டது. கருவிக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவர்கள் மருத்துவமனையின் கடிதங்களையும் அறிவிப்புகளையும் கதவுப் பலகைகளையும் அதற்கு ஊட்டியிருந்தார்கள். ‘மருத்துவர் உள்ளார்’ என்று ஒரு பக்கமும் ‘வெளியே சென்றுள்ளார்’ என்று மறுபக்கமும் எழுதித் தொங்கவிட்ட பலகையிலிருந்து அது ‘உள்ளார்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டது. அணுவுக்கு ‘ஒன்று உள்ளது’ என்பதே முறை என்பது ஆய்வகத்துப் பெண் பியூலாவுக்குத் தெரியும். நாசரேத்திலிருந்து வந்து இங்கே வேலை பார்த்தவள் அவள். ஆயினும் எதிரே நின்ற மனிதனின் முகத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

“உங்க பிள்ளைன்னு வச்சுக்கிடுங்களேன், அண்ணாச்சி” என்றாள்.

அர்த்தநாரியின் மனைவி தெய்வானைக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கருப்பையில் இருந்த கட்டியை அகற்றி, புண் ஆறி, முட்டை எடுக்கும் நிலைக்கு அவள் வருவதற்குச் சில மாதங்கள் ஆகும் என்பதால், கிடைத்த அந்த ஒருவரைத் திரவ நைட்ரஜன் நிரப்பிய கேனில் உறையவைத்தார்கள். எண்ணி ஒன்பதாம் மாதம், பத்தாம் நாள், கருவி யாரும் கேட்காமலே ஒரு குறிப்பை அச்சிட்டது: ‘அவர் இன்று மூன்று கிலோ நூறு கிராம் உள்ளார்.’ அன்று பிற்பகல் கேன் இருந்த தட்டு வளைந்தது. வேறு தட்டில் மாற்றி வைத்தார்கள். மறு மாதம் அதுவும் வளைந்தது. மற்றவர்களுடையதும் அதே அலமாரியில் இருக்கிறது என்பதால், மருத்துவர் அர்த்தநாரியை வரவழைத்து, கேனை வீட்டுக்கே எடுத்துப்போகும்படி கேட்டுக்கொண்டார். தெய்வானை புதுத் துண்டில் அதைச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, தங்கள் ஊரான ஏழுமரத்துப்பாளையம் வரும்வரை பேருந்தில் ஒருவருக்கும் அதைக் கொடுக்காமல் வந்து சேர்ந்தாள்.

ஊர் வியக்கவில்லை. அத்தகைய கேன் அவர்களுக்குப் புதிதன்று. மாட்டுக்குச் சினை ஊசி போடும் கால்நடை மருந்தகத்தார் இருசக்கர வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவது அதுதான். நைட்ரஜன் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றதும், பதினைந்து நாளுக்கொருமுறை அந்த மருந்தகத்திலேயே நிரப்பிக்கொள்ள ஏற்பாடாயிற்று. மாட்டு டப்பாவில் மனுசன் வந்துவிட்டான் என்று தேநீர்க்கடையில் எவனோ சொல்ல, லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்திருந்த தெய்வானையின் தம்பி பொன்னுரங்கம், மருமகனுக்கு அவமரியாதை நேர்ந்ததாகச் சொல்லி அவனுடன் கைகலந்து சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தான். அதற்குமுன் ‘லோடு ஏறாத வண்டி’ என்று தன் மச்சானைப் பற்றி அதே கடையில் சிரித்தவர்களுள் அவனும் ஒருவன்.

அங்கன்வாடிப் பணியாளர் மாதந்தோறும் வந்து, கேனைத் தராசில் தொங்கவிட்டு, வெறுங்கேனின் எடையான பதினொரு கிலோவைக் கழித்து, மீதியை அட்டையில் புள்ளியாக வைத்தார். புள்ளிகள் வளைந்து வளைந்து மேலே ஏறின. ஒரு மாதம் மட்டும் ஏறவில்லை, அம்மாதம் ‘அவருக்கு வயிற்றுப்போக்கு’ என்று குறிப்பு வந்திருந்தது. சத்துமாவு கொடுத்தார்கள், தாய் உண்டால் போதும் என்று தெய்வானை அதை உருட்டி உருட்டி உண்டாள். பியூலா செய்துவைத்த ஏற்பாட்டின்படி, நாள்தோறும் காலையில் கருவியின் குறிப்பு தானாகவே தெய்வானையின் கைப்பேசிக்கு வந்தது. கேன் ஏழுமரத்துப்பாளையத்திலும் கருவி புறவழிச்சாலையிலும் இருக்க, அதற்கு எப்படித் தெரிகிறது என்று யாரும் கேட்கவில்லை. கைப்பேசியில் குரல் எப்படி வருகிறது என்றும் அவர்கள் கேட்டவர்களல்லர். அவர் இன்று கவிழ்ந்தார். அவர் இன்று தவழ்ந்தார். அவர் இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஓரடி வைத்து, அமர்ந்துவிட்டார்.

பெயர், வழக்கப்படி, அர்த்தநாரியின் தந்தை பெயர்: நாச்சிமுத்து. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லலாகாது என்பதும் வழக்கமாகையால், தெய்வானை மகனை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ‘அவரு’ என்றாள், ‘அவரு எந்திரிச்சாச்சு’, ‘அவருக்கு இன்னிக்குக் காய்ச்சலாமா’ என்றாள், மருத்துவமனைக் கருவியின் மரியாதையும் மருமகளின் மரியாதையும் அந்த வீட்டில் ஒன்றாகிப்போயின. காதுகுத்துக்குத் தாய்மாமன் பொன்னுரங்கம் பட்டுவேட்டி கட்டி, மடியில் கேனை வைத்துக்கொண்டு அமர்ந்தான். எங்கே குத்துவது என்று தட்டார் திகைத்து நிற்க, “காது ரெண்டு இருக்குதில்ல, அதுல குத்துங்க” என்று கேனின் கைப்பிடிகளைக் காட்டினான். கூட்டம் சிரித்தது. கைப்பிடிக்கொரு தோட்டினைத் தட்டார் மாட்டினார். மறுநாள் குறிப்பு, ‘அவர் நேற்று அழுதார், இடது காது சற்றுச் சிவந்துள்ளது’ என்று வந்ததும் சிரித்தவர்கள் எல்லாரும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஐந்தாம் வயதில், மாணவர் எண்ணிக்கை குறைந்தால் அடுத்த ஊர்ப் பள்ளியுடன் இணைத்துவிடுவார்கள் என்ற நிலையில் இருந்த தொடக்கப்பள்ளியில் அவனைச் சேர்த்தார்கள். தலைமையாசிரியை மரகதவல்லி கண்டிப்பானவர். கருவியின் குறிப்பை வாங்கிப் பார்த்து, உயர்திணை அஃறிணை மயக்கத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘ஒன்று உள்ளது’ எனத் திருத்தி, மருத்துவமனைக்கே திருப்பி அனுப்பினார். மறுநாளும் ‘அவர்’ என்றே வந்தது. அதற்குமேல் அவர் திருத்தவில்லை. முதல் வகுப்பு வருகைப் பதிவேட்டில் பெயரை எழுதிக்கொண்டார். பெயர் கூப்பிடும்போது பக்கத்துப் பலகைப் பெண்பிள்ளை அவனுக்கும் சேர்த்து ‘உள்ளேன் அம்மா’ சொன்னாள்.

இவற்றில் பாதியை அர்த்தநாரி கண்ணால் கண்டதில்லை. காதுகுத்தின்போது அவன் நாகபுரியில் ஆரஞ்சு ஏற்றக் காத்திருந்தான். பள்ளியில் சேர்த்த அன்று வண்டி விஜயவாடாவுக்கு அப்பால் அச்சு முறிந்து கிடந்தது. பத்து நாள் பன்னிரண்டு நாள் சாலையில் ஓடி, வீடு வந்து, ஒரு பகல் ஓய்ந்து, மறுநாள் அடுத்த லோடுக்குக் கிளம்புகிறவன் அவன். அவனிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய கைப்பேசி. குறிப்புகளை அதில் பார்க்க வழியில்லை. வீட்டுக்கு வந்த அன்று மட்டும், கைகால் கழுவி, தெய்வானையின் கைப்பேசியை வாங்கி, அன்றைக்கு வந்த குறிப்பை எழுத்துக்கூட்டிப் படிப்பான். மகனின் மூன்றாம் வயது முதல், அவன் படித்தபோதெல்லாம் குறிப்பு ஒன்றாகவே இருந்தது.

‘அவர் கதவருகே நிற்கிறார்.’

முதன்முறை படித்தபோது புன்னகைத்தான். பத்தாம் முறை படித்தபோது கேனருகே சென்று அமர்ந்தான். கேனின் புறச்சுவர் குளிர்ந்திருக்கவில்லை, வெம்மையாகவும் இல்லை. வீட்டிலுள்ள எந்தக் குடத்தையும்போல இருந்தது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. தூக்கினால் கனத்தது, கேனின் எடை போகப் பதினான்கு கிலோ, பதினாறு கிலோ, மடியில் வைத்தால் தொடை மரத்துப்போகும் கனம். ஆனால் பிடிப்பதற்கு ஒரு கை இல்லை, முகர்வதற்கு ஓர் உச்சி இல்லை. இருபதாம் முறையும் படித்த பிறகு, சாலையில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவன் கண்முன் ஒரு கதவு தெரியத் தொடங்கிற்று. மகன் நாள்தோறும் அந்தக் கதவருகே வந்து நிற்கிறான், திறக்கச் சொல்லத் தெரியாமல் நிற்கிறான், திறக்கவேண்டியவன் சரக்கை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறான் என்ற எண்ணம் அவனைவிட்டு நீங்கவில்லை.

பிள்ளை வளரத் தொடங்கியபின் யாரும் நினையாத சிகிச்சையை மருத்துவரும் அழைத்து நினைவூட்டினார். தெய்வானைக்கு நாற்பத்துநான்கு ஆகப்போகிறது, இந்த ஆண்டு விட்டால் அவளிடம் எடுக்க முட்டை இராது. உறைந்ததை எடுத்து, ஊசிமுனையில் ஏற்றி, முட்டைக்குள் செலுத்திப் பார்க்கலாம். பத்தில் இரண்டு பங்கு வாய்ப்பு. இருப்பவர் ஒருவரேயாதலால் இரண்டாம் முறை என்பதே இல்லை. இவ்வளவையும் அவர் ஒளிக்காமல் சொன்னார்.

செய்து பார்க்கலாம் என்று அர்த்தநாரி சொன்னதும் ஊர் கூடிற்று. அவனுடைய தனிப்பட்ட முடிவு என்று யாரும் கருதவில்லை. எடை போட்டவர், காது குத்தியவர், வகுப்பில் உடன் அமர்ந்த பிள்ளையின் பெற்றோர் என எல்லாருக்கும் அதில் உரிமை இருந்தது. லாரி உரிமையாளர் சங்கக் கட்டடத்தில் அமர்ந்து ஒரு பகல் முழுதும் பேசினார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளையைத் திரும்பவும் கருவாக்குவது எந்த ஊரிலும் நடவாதது என்றார்கள். இருப்பதை வைத்துக்கொண்டு மனநிறைவோடு இருக்கலாகாதா என்றார்கள். பொன்னுரங்கம் எழுந்து நின்றான்.

“ஏனுங் மச்சான், பதினெட்டுக் கிலோ வளந்த பையன ஊசி முனையில ஏத்தறேங்கறீங்க. போனா என்ன பண்ணுவீங்க? அவனுக்கு ஒன்னும் கொறையில்லீங்களே. நல்லாத்தானே இருக்கறான்?”

அர்த்தநாரி பேசிப் பழகாதவன். 

“தெனமும் கதவுகிட்ட வந்து நிக்கறான், மாப்ள. நான் என்னைக்குப் பாத்தாலும் நிக்கறான். எத்தன நாளைக்கு அவன உள்ளயே நிறுத்தி வெக்கறது?”

 பெண்கள் பக்கத்தில் அமர்ந்திருந்த தெய்வானை தலை நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வந்தவள்போல் இருந்தாள், சொல்லவில்லை. மறுவாரம் மருத்துவமனையில், படிவத்தில் அவன் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் இட்டாள்.

புரட்டாசித் திங்கட்கிழமை காலையில் செய்தார்கள். உள்ளே இருந்ததை எடுத்தபின் கேனை அப்புறப்படுத்த வந்த பணியாளர் பழைய கனத்தை எண்ணிப் பலம்கொண்டமட்டும் தூக்க, அது கையை மீறி மேலே போயிற்று. அவர் நிலைதடுமாறி விழுந்ததைக் கண்ணாடிக்கு இப்புறமிருந்து அர்த்தநாரி பார்த்தான். முதல் நாள், முட்டை ஏற்றுக்கொண்டது என்றார்கள். இரண்டாம் நாள் கருவின் செல் இரண்டாகி நான்காயிற்று. மூன்றாம் நாள் ஆறு. ஊரில் வீட்டுக்கு வீடு விளக்கேற்றி வைத்திருந்தார்கள்; பொன்னுரங்கம்கூட மருத்துவமனை வாசலில் வந்து நின்றான். நான்காம் நாளும் ஆறு. ஐந்தாம் நாள் மருத்துவர் இருவரையும் அழைத்து, நாற்காலியில் அமரச் சொல்லி, வளர்ச்சி நின்றுவிட்டது என்றார்.

பியூலா ஆய்வகத்துக்குள் போய்க் கருவியின் முன் நின்றாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதுவாகவே ஒரு தாளைத் தள்ளிற்று. ‘அவர் வெளியே சென்றுள்ளார்’ என்று அதில் இருந்தது. அந்தத் தாளை அவள் அவர்களிடம் கொடுக்காமல் மடித்து வைத்துக்கொண்டாள். ஆனால் தெய்வானையின் கைப்பேசிக்கு, வழக்கம்போல, அது முன்னரே போய்ச் சேர்ந்திருந்தது.

பிறந்த பிள்ளையை எப்படிக் கொண்டாடுவது என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. பிறவாத பிள்ளையையும் எப்படிக் கொண்டாடுவது என்று தானாகவே கண்டுபிடித்துக்கொண்டது. இதை என்ன செய்வது என்று அதற்குத் தெரியவில்லை. எடுப்பதற்கு உடல் இல்லை, புதைப்பதற்குக் குழி வெட்டவேண்டியதில்லை. பிறப்புப் பதிவு இல்லாதவருக்கு இறப்புப் பதிவு எழுத இயலாது என்று கிராம நிர்வாக அலுவலர் கூறினார்.  பெண்கள் வந்து தெய்வானையைச் சூழ்ந்து அமர்ந்தார்கள். ஒருத்தி ஒப்பாரி எடுத்தாள். அவன் நிறத்தைச் சொல்ல வந்த அடியில் சொல் இல்லாமல் நின்றுபோனாள். மற்றவர்களும் எடுத்துக்கொடுக்கவில்லை. தேநீர் குடித்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்துபோனார்கள். பள்ளியில் அந்தப் பெண்பிள்ளை எட்டு நாள்வரை அவனுக்கும் சேர்த்து ‘உள்ளேன் அம்மா’ சொன்னாள். ஒன்பதாம் நாள் மரகதவல்லி அந்தப் பெயரைக் கூப்பிடாமல் அடுத்த பெயருக்குப் போனார்.

கொன்றுவிட்டாய் என்று அர்த்தநாரியை யாரும் சொல்லவில்லை. அவன் தேநீர்க்கடைக்கு வந்தால் பெஞ்சில் இடம் விட்டார்கள், முன்பு விட்டதைவிட அதிகமாகவே விட்டார்கள்.

பதினாறாம் நாள், லோடு எடுக்காமல் வீட்டில் கிடந்தவன், தெய்வானையின் கைப்பேசியைக் கேட்டு வாங்கினான். மகனைப் பற்றி வந்தவற்றையெல்லாம் முதலிலிருந்து படிக்கவேண்டும் என்று தோன்றிற்று. அவற்றை அவன் படித்ததே இல்லை. எழுத்துக்கூட்டிப் படித்தான். ‘அவர் இன்று களிமண்ணில் வண்டி செய்தார், ஆறு சக்கரம் வைத்தார்.’ ‘அவர் இன்று பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிக்குத் தம் சோற்றைக் கொடுத்தார்.’ ‘அவர் இன்று மழையில் நனைந்தார், கேட்டதற்கு இல்லை என்றார்.’ ‘அவர் ஆத்திசூடியில் ஆறாவது வரியை மறந்துவிட்டார்.’ பத்து நாள், பன்னிரண்டு நாள், ஓடியாடித் திரிந்த ஒரு பிள்ளை அதில் இருந்தான். ஒருநாளும் அவன் கதவுப் பக்கமே போகவில்லை. அப்புறம் ஒருநாள், ‘அவர் கதவருகே நிற்கிறார்.’ மறுநாள் மீண்டும் ஆட்டுக்குட்டி, மீண்டும் களிமண்.

தேதிகளைப் பார்த்தான். தன் வாழ்நாளில் வேறெதையும் நினைவில் வைத்திராவிட்டாலும், எந்தத் தேதியில் எந்தச் சுங்கச்சாவடி தாண்டி வீடு வந்தோம் என்பது லாரி ஓட்டுகிறவனுக்கு மறக்காது. ஒவ்வொரு கதவுக்கும் ஒவ்வொரு தேதியாகப் பொருந்திக்கொண்டே வந்தது. வடக்கே மலைவழி அடைபட்டு மூன்று நாள் பிந்தி வந்தானே, அந்த முறை மட்டும் குறிப்பு நான்கு நாள் தொடர்ந்து ‘அவர் கதவருகே நிற்கிறார்’ என்றே இருந்தது.

வாசலில் ஹாரன் கேட்டால் ஓடிவந்து நிற்கும் பிள்ளைகள் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. எல்லாருக்கும் தெரிந்த காட்சி அது. அதைக் காணாதவர்கள் ஓட்டுநர்கள் மட்டுமே. வண்டியைச் சந்துக்குள் திருப்பி நிறுத்துவதிலேயே அவர்கள் கண் இருக்கும்.

தெய்வானை அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவன் கைப்பேசியை அவள் பக்கம் நீட்டினான். 

“இது... நான் வர்ற அன்னிக்கு மட்டும்தானா?”

“ஆமாங்க.”

“உனக்குத் தெரியுமா?”

“தெரியாம என்னங்க? நாளைக்கு அப்பா வருதுன்னு நாந்தானே அவருகிட்டச் சொல்லுவேன்.”

“அப்பறம் ஏன் சொல்லல? அன்னிக்குச் சங்கத்துல, அத்தன பேரு முன்னால...”

அவள் அரிசியைக் களைந்து, நீரை வடித்து, மறுநீர் ஊற்றினாள்.

“அவரு உங்களையப் பாக்கறதுக்குத்தானுங்க நின்னாரு. ரெண்டு வருசமா நின்னாரு. நீங்க வந்து அந்த டப்பாவத் தொட்டுப்போட்டுத் தூங்கிருவீங்க. ஒருக்காவாச்சும் உங்க கையில குடுத்தரலாம்னுதான் நானும் கையெழுத்துப் போட்டேன்.”

குரலில் குற்றஞ்சாட்டல் இல்லை. குற்றஞ்சாட்டியிருந்தால் அவன் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பான்.

மறுநாள் குவாஹாத்திக்கு ஜவ்வரிசி ஏற்றினான். அங்கிருந்து திரும்பும் லோடை இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டு சில்சாருக்குப் போனான். அங்கிருந்து பீகார், பீகாரிலிருந்து ஜம்மு. வீடு பன்னிரண்டு நாள் தொலைவிலிருந்து நாற்பது நாள் தொலைவாயிற்று, நாற்பது, எழுபதாயிற்று. தெய்வானை அழைத்து உடம்பு எப்படி என்று கேட்பாள். நன்றாக இருக்கிறது என்பான். எப்போது வருகிறீர்கள் என்று மட்டும் அவள் கேட்பதில்லை. அதைக் கேட்டு யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

தை மாதத்தில் ஒரு முற்பகல், வடக்கே எங்கோ கடுகுவயல்களுக்கு நடுவே வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது மருத்துவர் அழைத்தார். கருவியை மேலும் பழக்கியிருக்கிறார்கள், முன்பு ஒரு கடுகைக் கண்டெடுத்தது இப்போது அதில் பாதியையும் கண்டெடுக்கும். முட்டையை வேறொரு பெண்ணிடம் தானமாகப் பெற வழி இருக்கிறது, தெய்வானையிடம் பேசியாயிற்று, அவள் உங்களைக் கேட்கச் சொன்னாள். ஒரு நாள் வந்து மாதிரி கொடுத்துவிட்டுப் போனால் போதும், மறுபடியும் தேடிப் பார்க்கலாம், ஒருவர் இருக்கக்கூடும்.

அர்த்தநாரி வண்டியை ஓரங்கட்டினான். எஞ்சினை நிறுத்தவில்லை. அதன் சூடு தொடைவழியே ஏறிக்கொண்டிருந்தது. தேடினால் கிடைத்துவிடும் என்பதில் அவனுக்கு ஐயமே இல்லை; அந்தக் கருவி சலிக்காது; இத்தனை பேர் நடுவில், இத்தனை இருட்டில், ஒருவன் எங்கேனும் இருந்தால் அவனைக் கண்டுபிடித்து, வெளிச்சத்தில் நிறுத்தி, ‘உள்ளார்’ என்று சொல்லிவிடும்.

“வேண்டாங்க, டாக்டரம்மா” என்றான்.

அவர் காரணம் கேட்டார்.

“நான் வூட்டுல இருக்கற ஆளில்லீங்க.”